காசும் வளவும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி மழை கழுவிய பின் வன்னியின் பாழ்வளவுகளில் கண்ணில் படும் செப்புக்காசுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உலோகம் கண்டறியும் கருவியைப் பற்றியே கேட்டிருந்தன. ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கனடாவின் கல்கரி நகரில் வசிக்கிறேன். இங்கே கைவிடப்பட்ட பண்ணைவீடுகள் இருந்த இடங்களில், காணிக்காரரின் அனுமதியோடு, கருவியால் பழைய காசு தேடுவது என் பொழுதுபோக்கு. அடுத்த ஆடியில் ஊருக்கு வரும்போது கருவியையும் கொண்டு வந்து, நெடுங்கேணிக்கு அப்பால் என் அப்பப்பா வாழ்ந்த வளவில் தேடிப் பார்க்கலாமா? அந்த இடம் காடாகி நாற்பது ஆண்டுகளாகின்றன.
– கல்கரி வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. கனடாவின் மேற்குச் சமவெளியில் 1872 ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தின்படி குடியேறியவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் வழங்கப்பட்டது. அவற்றுள் பல 1930களின் நீண்ட வரட்சியில் கைவிடப்பட்டன. வீடு மண்ணாகிப் போன பின்பும் நிலவறைக் குழியும், வாசலில் யாரோ ஒருவர் நட்ட லைலாக் செடியும் அந்த இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்பது அங்கே தேடுகிறவர்கள் அறிந்த செய்தி. எங்கள் பாழ்வளவுகளில் புளியமரமும் தூர்ந்த கிணறும் அதே சாட்சியத்தைத்தான் சொல்லுகின்றன. ஆயினும் கருவியைக் கல்கரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பதே என் பதில்.

இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாளுக்கு, முற்பட்ட காசுகள் அச்சட்டத்தின்படி தொல்பொருட்களாகும். இன்னும் கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள், காணி யாருடையதாக இருந்தாலும், அரசின் சொத்தாகவே கொள்ளப்படும். தொல்பொருளைத் தேடி நிலத்தைத் தோண்டுவதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தோண்டுகிற காணி தன்னுடையது என்ற வாதம் அங்கே எடுபடாது. கருவியோடும் மண்வெட்டியோடும் காட்டில் நிற்பவரைப் புதையல் தோண்ட வந்தவராகவே பொலிசார் பார்ப்பார்கள். அப்பப்பாவின் பெயரைச் சொல்லி அந்த ஐயத்தைப் போக்கிவிட முடியாது.

சட்டத்தை விடப் பெரிய காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. உங்கள் கருவிக்கு இரும்பைப் புறக்கணிக்கும் ஒரு தெரிவு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆணியும் தகரமும் ஓயாமல் ஒலிக்காதிருக்கத் தேடுபவர்கள் அதை முடுக்கி வைப்பார்கள். வன்னியில் அந்தத் தெரிவுதான் உயிருக்கு உலை வைப்பது, ஏனெனில் எறிகணையின் உடல் உருக்கு. பிளாஸ்டிக் உடலுடைய மிதிவெடியிலோ உலோகம் மிகச் சிறிதளவே உண்டு. கருவி மௌனமாக இருக்கும் இடத்தில் வெடி இருக்கலாம். கருவி இனிமையாக ஒலிக்கும் இடத்தில் பித்தளைச் சன்னக் கோதோ, எறிகணையின் முனைப் பகுதியோ இருக்கலாம், ஏனெனில் பித்தளையும் செம்பும் காசைப் போலவே ஒலி எழுப்பும். முகமாலையில் மிதிவெடி அகற்றும் பெண்கள், பயிற்சி பெற்று, முகக்கவசம் அணிந்து, ஒவ்வொரு ஒலியையும் வெடி என்றே கருதி, முழந்தாளில் இருந்து மண்ணைச் சுரண்டுகிறார்கள். நாம் ஒவ்வொரு ஒலியையும் காசு என்று எண்ணித் தோண்டுவோம். மிதிவெடித் தடைக்கான உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி நாட்டின் மிதிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான தவணை 2028 ஜூன். அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலத்திலும் குறித்த ஓர் ஆழம் வரைதான் தேடியிருப்பார்கள். அதற்குக் கீழே இருப்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். அந்த வளவு காடாகி நாற்பது ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது மறக்கப்பட்ட வளவு அன்று, விட்டுவந்த வளவு. 1984 இன் இறுதியில் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கத்து மக்கள் வெளியேறியபோது சட்டியையும் பானையையும் விட்டுவிட்டு வந்தார்களே தவிர, உரிமையை விட்டுவிட்டு வரவில்லை. காணி உத்தரவுப் பத்திரத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து ஒவ்வொரு இடப்பெயர்விலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர்களை நான் அறிவேன். உங்கள் அப்பப்பாவின் வளவுக்கு அருகில் இருக்கும் வளவும் அப்படியே ஒருவருடையது. எல்லை வேலி இல்லாத காட்டில், எங்கே உங்கள் காணி முடிந்து அவருடையது தொடங்குகிறது என்பதைக் கருவி சொல்லாது.

வரும்போது ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கிராம அலுவலரிடம் அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டறிந்து, வளவைப் போய்ப் பாருங்கள். கிணறு எங்கே, வாசல் நிலை எந்தத் திசை பார்த்தது, மாட்டுப்பட்டி எங்கே இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தை வரையக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள். காசு அப்படியல்ல, இன்னும் நூறு ஆண்டுக்கும் அங்கேயே கிடக்கும்.

கேள்வி: பழங்குடியிருப்பு இருந்த இடத்தைக் கருவியில்லாமல் எப்படி அடையாளம் காண்பது? மாணவர்களைக் கூட்டிச் செல்ல விரும்புகிறேன்.
– முள்ளியவளையிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: கருவி வைத்திருப்பவர் நிலத்தைக் காதால் பார்க்கிறார், அதனால் பாதியைத் தவறவிடுகிறார். உங்கள் மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

முதலில் குளத்தைத் தேடுங்கள். வன்னியில் ஊர் என்றால் குளம், குளக்கட்டு, கட்டுக்குக் கீழே வயல், நீர் ஏறாத மேட்டில் குடிமனை என்பதே ஒழுங்கு. சிறு குளம் உடைப்பெடுத்து, கட்டுவார் இல்லாமல் போனால் அதோடு ஊரும் கலைந்துவிடும். மலேரியாக் காய்ச்சல் கலைத்த ஊர்களும் பல. இன்று காட்டுக்குள் ஒரு நீண்ட மண்மேடு நேராகப் போய், நடுவில் அறுந்து, அதன்மீது பாலையும் வீரையும் முளைத்திருந்தால், அது பெரும்பாலும் பழைய குளக்கட்டு. அங்கிருந்து மேட்டுப்பக்கமாக நடந்தால் குடியிருப்பின் எச்சம் தெரியத் தொடங்கும்.

மரங்கள் நல்ல சாட்சிகள். காட்டுமரங்களுக்கு நடுவில் ஒரு பெரும் புளி, ஒரு மா, இரண்டு மூன்று பனை சேர்ந்து நின்றால் அங்கே மனிதர் இருந்திருக்கிறார்கள். தென்னையை நம்பாதீர்கள், கவனிப்பார் இல்லையென்றால் யானை அதை விட்டுவைக்காது. மண்சுவர் வீடு மழையில் கரைந்து முழங்கால் உயரத்துக்கும் குறைவான, வட்டமான ஒரு திட்டாகிவிடும். சுற்றுமண் செம்மையாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் கரிய மண்ணும் கொழுத்த புல்லும் இருந்தால் அது மாட்டுப்பட்டியாகவோ சாம்பல் கொட்டிய இடமாகவோ இருக்கும். உடைந்த அம்மி, உரல், பானை ஓடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பானையின் விளிம்புத் துண்டுகளைப் படம் பிடித்தால் போதும், ஏனெனில் அகழ்வாய்வாளர் காலத்தைக் கணிக்க முதலில் பார்ப்பது விளிம்பின் வடிவத்தைத்தான்.

மாணவர்களைக் கூட்டிச் செல்வதனால் ஓர் எச்சரிக்கை: தூர்ந்த கிணற்றின் வாயைக் கொடிகள் மூடியிருக்கும். முன்னே செல்பவர் கம்பு ஊன்றிப் பார்த்தே அடி வைக்க வேண்டும். மிதிவெடி அகற்றிய சான்று இருக்கும் இடங்களுக்கு மட்டும், அதுவும் மக்கள் நாளாந்தம் நடக்கும் பாதையிலேயே செல்லுங்கள். பாதையை விட்டு விலகிப் பார்க்க வேண்டிய இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அடுத்த தலைமுறைக்கு இருக்கட்டும்.

காசு எங்கே கிடக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். வாசல், கிணற்றடிப் பாதை, நிழல் மரத்தின் அடி ஆகிய இடங்களில்தான் இடுப்பு மடிப்பிலிருந்து காசு நழுவும். வீடு கட்டும்போது நிலை வைக்கும் நல்ல நாளில் நிலையின் அடியில் காசு இடும் வழக்கம் எங்களிடம் உண்டு. அவ்வாறு இட்ட காசில் 1892 என்றிருந்தால், அந்த வீடு 1892க்கு முன் கட்டப்பட்டதாக இருக்க முடியாது. எழுத்தில் எந்தப் பதிவும் இல்லாத ஒரு வன்னிக் கிராமத்துக்கு அந்தக் காசு ஓர் உறுதிப்பத்திரத்துக்குச் சமம். அதையே ஒருவர் கருவியால் கண்டு, தோண்டி எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், சந்தையில் சில நூறு ரூபாவுக்கு விலைபோகும் ஒரு வெள்ளித் துண்டாக மட்டும் அது ஆகிவிடுகிறது. நான் கருவிக்கு எதிராக இவ்வளவு அழுத்தமாக எழுதுவதற்குச் சட்டமும் வெடியும் மட்டும் காரணமல்ல. இந்த இழப்பும் ஒரு காரணம்.

கேள்வி: வன்னியில் உண்மையில் என்னென்ன காசுகள் கிடைக்கக்கூடும்? எங்கள் வீட்டில் தாத்தா சேர்த்து வைத்த ஒரு டப்பா நிறையக் காசு இருக்கிறது. அவற்றுள் எதெது தொல்பொருள்?
– வவுனியா வாசகி

பதில்: டப்பாவை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, முதலில் சதுரமானவற்றை ஒதுக்குங்கள். மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம் 1909 முதல் வெளிவந்தது. விளிம்பு வளைந்து வளைந்து பூவிதழ் போலிருக்கும் இரண்டு சதம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியாத அலுமினியச் சதங்கள் 1963 முதல் வந்தவை. இவற்றைத் தொல்பொருள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, விக்டோரியா அரசியின் தலை பொறித்த செப்புச் சதங்கள். இலங்கையில் ரூபாவும் சதமும் 1872 இல் சட்டபூர்வமான நாணயமாயின. அவற்றுக்கான செப்புக் காசுகளில் 1870 என்ற ஆண்டே பொறித்திருக்கும். மறுபக்கத்தில் நடுவே ஒரு மரம் நிற்கும். வெள்ளியில் 10, 25, 50 சதக் காசுகள் 1892 இல் வந்தன. ஒரு ரூபா வெள்ளிக்காசு இருந்து, அதில் இந்தியா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வியக்க வேண்டாம். அக்காலத்தில் இலங்கைக்கென்று தனியாக ஒரு ரூபாக் குற்றி இருக்கவில்லை. இந்திய ரூபாவே இங்கும் வழங்கியது. அதன் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. அதனால் பழைய தட்டாருக்கு அது காசாக மட்டுமன்றிப் படிக்கல்லாகவும் உதவியது.

கிழக்கிந்தியக் கம்பனியின் 1835 ஆம் ஆண்டுக் கால் அணாக்கள் டப்பாவில் இருந்தால், தாத்தா அவற்றை எங்கே எடுத்தார் என்று வீட்டில் விசாரியுங்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். அந்த வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அந்தப் பாதையோரத்தில் கிடக்கும் ஒரு கால் அணாவை நான் வேறெந்தக் காசையும் போலக் கையில் எடுக்க மாட்டேன்.

இவையெல்லாம் 1815க்குப் பிற்பட்டவை. இனி முற்பட்டவற்றுக்கு வருவோம். யானை பொறித்த கனத்த செப்புக்காசுகள் ஆங்கிலேயர் இலங்கைக்கென முதலில் அடித்தவை. 1803, அதாவது கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயத் தளபதி வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாக நடுகல் சொல்லும் ஆண்டும், அவற்றுட் சிலவற்றில் உண்டு. அக்காசுகளின் கணக்கு வேறு: 4 ஸ்ரைவர் ஒரு பணம், 12 பணம் ஒரு றிக்ஸ்டொலர். 1815 என்று பொறித்த யானைக்காசு எல்லைக்கோட்டிலேயே நிற்பதால், ஐயம் வந்தால் தொல்பொருளாகவே கொள்ளுங்கள். வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்துகளும் ஒன்றன்மீது ஒன்றாகப் பின்னியிருந்தால் அது ஒல்லாந்தக் கம்பனியின் காசு. அவர்களுடைய டொயிற் என்ற சிறு காசுதான் எங்கள் வாயில் துட்டு ஆயிற்று. அதற்கும் முந்தியது, ஒரு பக்கம் நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் கொண்ட யாழ்ப்பாண அரசரின் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும், நாகரியில் ராஜராஜ என்ற எழுத்தும் கொண்ட சோழக் காசு இலங்கை முழுவதும் கிடைத்திருக்கிறது.

ஆனாலும் வன்னியின் உள்நாட்டில் பழங்காசு குவியல் குவியலாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று ஆகிய பற்றுகளை ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது காசையன்று, யானைகளை. வயலில் விளைந்த நெல்லே கூலியாகவும் கொடையாகவும் விலையாகவும் இருந்த நாட்டில் காசு அரிது. அது வந்து சேர்ந்த வழிகள், பாதைகளும் கோயில்களுமே. வற்றாப்பளைக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நேர்த்தி வைத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோன காசுகள் அவை. கோயிற் சூழலில் கருவி கொண்டு தேட நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒருவர் தன் பிள்ளையின் காய்ச்சலுக்காக முடிந்த காசு அது.

உங்கள் தாத்தாவின் டப்பாவில் 1815க்கு முற்பட்டவை இருந்தால், அவற்றை விற்கவோ நாட்டுக்கு வெளியே அனுப்பவோ வேண்டாம். படம் பிடித்து, தாத்தா எடுத்த இடம் தெரிந்தால் அதையும் எழுதி, தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: பத்து மீற்றர் ஆழத்தில் இருக்கும் தங்கத்தையும் காட்டும் ஸ்கானர் என்று சொல்லி ஒருவர் பல இலட்சம் ரூபா கேட்கிறார். இரண்டு கம்பிகள் தாமாகவே திரும்பிக் காட்டுகின்றன. நம்பலாமா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: நம்ப வேண்டாம், ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

உண்மையான கருவியின் சுருளில் மின்னோட்டம் மாறி மாறி ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அவை எழுப்பும் எதிர்ப்புலத்தையே சுருள் உணர்கிறது. சுருளின் அகலத்தைத் தாண்டிய பின், காசு இருமடங்கு ஆழத்துக்குப் போனால் திரும்பி வரும் குறிப்பு ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகையால் நல்ல கருவிகூட ஒரு தனிக் காசை ஒரு சாணுக்குச் சற்று மேலான ஆழத்தில்தான் உறுதியாகக் காணும். எங்கள் செம்மண்ணில் இரும்புத் தாது கலந்திருப்பதால் அதுவும் குறையும், பொய் ஒலியும் கூடும். பத்து மீற்றரில் தங்கத்தை மட்டும் பிரித்துக் காட்டும் கருவி உலகில் எங்கும் இல்லை.

கம்பி திரும்புவது, அதைப் பிடித்திருக்கும் கையின் தானறியாத அசைவினால். இதே பொய்யை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்ற பெயரில் ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக் என்ற பிரித்தானியருக்கு 2013 இல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் விற்றது, ஒரு கைபிடியில் தளர்வாகப் பொருத்திய கம்பி. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் குண்டுகளைக் கடந்து போகவிட்டார்கள்.

கம்பியோடு வருபவருடன் பெரும்பாலும் ஒரு மந்திரவாதியும் வருவார், பூதம் காக்கிறது, பலி கொடுக்க வேண்டும் என்பார். அந்த நிலைக்கு வருமுன் பொலிசில் முறையிடுங்கள்.

கேள்வி: கண்டெடுத்ததை அறிவித்தால் அது கொழும்புக்குப் போய்விடும், எங்கள் ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பேசாமல் வைத்திருப்பது நல்லதல்லவா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். எந்த மேடு யாருடையது என்ற வழக்கு நடக்கும் நாட்டில், தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்று மக்கள் பதறுவதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் ஒளித்து வைத்த காசு உங்கள் பக்கத்துக்குச் சாட்சி சொல்லாது. அது எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதை எவரும் எழுதி வைக்காவிட்டால், அது எந்த ஊரிலும் கிடைத்திருக்கலாம் என்று எவரும் சொல்லலாம். ஊரின் பழைமையை மறுப்பவருக்கு அதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை.

ஆகவே அறிவிக்குமுன் பதிவு செய்யுங்கள். காசை அகற்றாமல், அருகில் ஒரு அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கு எண்களைக் குறியுங்கள். கிணற்றிலிருந்தோ மரத்திலிருந்தோ எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். திகதியிட்டு இருவர் கையொப்பம் இடுங்கள். அதன்பின் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, கையளித்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலையிலும், இன்னொன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களிடமும் கொடுங்கள். பொருள் எங்கு போனாலும் ஊரின் பெயர் அதோடு போகும். பிரித்தானியாவில் 1997 முதல், மக்கள் தற்செயலாகக் கண்டெடுப்பவற்றைப் பதிந்து, பெரும்பாலானவற்றைக் கண்டெடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. எங்கள் மாகாணத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். அது வரும்வரை பதிவேட்டை ஊரே தொடங்கலாம்.

கேள்வி: பச்சை பிடித்த செப்புக்காசை எப்படித் துலக்குவது?
– மாங்குளம் வாசகர்

பதில்: துலக்கக் கூடாது. பன்னிரண்டு வயதில், அம்மம்மா வீட்டுக் கோடிப்புறத்தில் எடுத்த ஒல்லாந்தக் காசைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு நானே மினுக்கினேன். வி.ஓ.சி. எழுத்தின் கீழிருந்த ஆண்டு அதோடு அழிந்துபோயிற்று. அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது, ஆண்டில்லாமல். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மண் தானாகக் கழன்றதும் நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இடுங்கள். பச்சை உறுதியாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் அது காசைக் காக்கும் தோல். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் மட்டும் அது உப்பினால் வந்த அரிப்பு. முல்லைத்தீவுக் கரையோர மண்ணில் இதை எதிர்பார்க்கலாம். அத்தகைய காசைப் பிறவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: 2009 மாசியில் இரணைப்பாலையில் எங்கள் வளவில், கிணற்றிலிருந்து இரண்டாவது பனையின் அடியில், ஒரு பால்மா ரின்னுக்குள் என் நகைகளையும், ஐயா தந்த வெள்ளிக்காசுகளையும், காணி உறுதியையும் வைத்துப் புதைத்துவிட்டு மாத்தளன் பக்கம் போனோம். திரும்பி வந்தபோது பனையும் இல்லை, கிணறும் மூடியிருந்தது. கருவி கொண்டு தேடுவது குற்றமா?
– புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் நகை தொல்பொருள் அன்று, புதையலும் அன்று. அது உங்களுடையது, அதைத் தேடுவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நீங்களாகவோ, கூலிக்கு ஆள் பிடித்தோ தோண்ட வேண்டாம். உங்கள் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள். பிறகு கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் நீங்கள் புதைத்த பொருட்களின் பட்டியலை எழுதிக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு தேடித் தருமாறு கேளுங்கள். கருவி வைத்திருக்கும் தனியாரை இரவில் வரச்சொல்லாதீர்கள். அப்படி வந்தவர்கள் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போய், மறுநாள் இரவு தனியே திரும்பி வந்த கதைகள் எங்கள் ஊர்களில் உண்டு.

மூடிய கிணற்றைத் தேட ஒரு வழி இருக்கிறது. மாரியில் அந்த இடம் மற்ற நிலத்தை விடச் சற்றே தாழ்ந்து நீர் நிற்கும். கோடையில் அங்கே புல் கடைசியாகவே காயும். கிணறு தெரிந்தால் பனையைக் கணிக்கலாம். ரின் இரும்பானதால் துருவேறியிருக்கும், ஆனாலும் கருவிக்குத் தெரியும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகியிராது. வெள்ளிக்காசு கறுத்திருக்கும், அவ்வளவுதான்.

தோண்டும்போது எலும்போ, துணியோ, செருப்போ தென்பட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டு, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழப்பட்டன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதையும் தொடாமல், மண்ணை மீண்டும் போடாமல், பொலிசுக்கும் நீதிவானுக்கும் அறிவிக்க வேண்டும். காணாமற்போன ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் துணியின் நிறம்கூடப் பதிலாகலாம்.

காணி உறுதி இவ்வளவு காலம் மண்ணுக்குள் தாங்கியிருக்காது. அதற்காக நீங்கள் தோண்ட வேண்டியதும் இல்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியென்றால் அதன் பதிவு காணிப் பதிவகத்தில் இருக்கும்; நொத்தாரிசின் பெயர், உறுதி எழுதிய ஆண்டு, காணியின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடுவித்துப் பிரதி எடுக்கலாம். உங்களுடையது உத்தரவுப் பத்திரமென்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பதிவேடு இருக்கும். ஐயாவின் முழுப்பெயரையும் காணியின் நான்கு எல்லைகளையும் நினைவில் உள்ளபடி ஒரு தாளில் எழுதி, இந்தக் கிழமையே கொண்டு போங்கள்.